பெரியப்பாவுக்கும் சேர்த்து ஒரு பயணக் காப்பீடு

என் பெரியப்பா எங்கே போனாலும் முதலில் நாற்காலியைத்தான் பார்ப்பார், ஆளைப் பார்ப்பது அப்புறம்தான். பல் டாக்டரின் அறை, வங்கி, என் பள்ளித் தலைமையாசிரியையின் அறை, எதுவானாலும் சரி, உட்காரும் முன் கட்டைவிரலால் மெத்தையை ஓர் அமுக்கு அமுக்குவார். விழுந்த பள்ளம் மெல்ல எழுந்து வந்தால் உட்காருவார். எழாமல் அப்படியே கிடந்தால் என் காதருகே குனிந்து, "செத்துப் போச்சு" என்பார். ஒருமுறை ஆஸ்பத்திரியில் இப்படிச் சொல்லப்போய், பக்கத்தில் இருந்த அம்மாள் பதறி எழுந்துவிட்டார். செத்தது நாற்காலிக்குள் இருக்கும் ஃபோம் என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

பெரியப்பா வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறவர். எங்கள் தெருக்கோடியில் ஷட்டர் போட்ட ஒற்றை அறைதான் பட்டறை. நடுவில் பழைய தையல் மெஷின், சுவரோரம் ரெக்ஸின் சுருள்கள், பரண்மேல் ஃபோம் அட்டைகள், எங்கும் பசை வாசனை. வேன்களிலிருந்தும் பஸ்களிலிருந்தும் கழற்றிய சீட்டுகள் வாசல்வரை வரிசையாக நிற்கும். வண்டி வந்தால் கிளம்பிவிடலாம் என்று அவை காத்திருப்பது போல எனக்குத் தோன்றும். நான் தூங்கிய முதல் கட்டில் ஒரு வேனின் பின் சீட்டு. வீட்டுப்பாடம் எழுதப் பழகியது ஒரு பஸ்ஸின் கடைசி வரிசையில். வேலை முடிந்து ஒரு வண்டி போனால் என் இடமும் அதோடு போய்விடும். மறுநாள் வேறொரு வண்டியின் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். இவள் கால் ஓரிடத்தில் நிற்காததற்கு அதுதான் காரணம் என்று டிங்கர் மாமா சொல்வார்.

டிங்கர் மாமா பக்கத்துப் பட்டறைக்காரர். நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துகிறவர். தொழிலே அவருக்குப் பெயராகிவிட்டது. அவர் பெரியப்பாவைக் "குஷன்" என்று கூப்பிடுவார். பெரியப்பா என்னை "வாலு" என்பார். எங்கள் மூன்று பேரின் நிஜப் பெயர்களும் அந்தத் தெருவில் யாருக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்தான்.

என் அப்பா நான் நடக்கப் பழகும் முன்பே இறந்துவிட்டார். அவருடைய அண்ணன்தான் பெரியப்பா. கல்யாணம் செய்துகொள்ளாதவர். என் அம்மா சில வருஷம் கழித்து வேறொருவரைக் கல்யாணம் செய்துகொண்டு அவருடைய ஊருக்குப் போனார். அந்தக் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தியதே பெரியப்பாதான். அம்மா என்னையும் கூட்டிப்போகக் கேட்டபோது, "இந்த ஸ்கூல் வருஷம் முடியட்டும்மா, நானே கொண்டாந்து விடறேன்" என்றாராம். அந்த வருஷம் முடிந்தது. அடுத்த வருஷமும் அதையே சொன்னார். அதற்கடுத்த வருஷமும். இப்போது பள்ளிக்கூடமே முடிந்துவிட்டது. அம்மாவோடு எனக்கு எந்த மனஸ்தாபமும் இல்லை. வாராவாரம் போனில் பேசிக்கொள்வோம், விடுமுறைக்குப் போய் இருந்துவிட்டு வருவேன். ஆனால் வீடு என்றால் எனக்குப் பசை வாசனை அடிக்கும் அந்த இடம்தான்.

வெளியே போகும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள், "அப்பாவா?" என்று. நான் சின்னக் குழந்தையாக இருந்தபோது, தடுப்பூசி போடும் வரிசையில் ஒரு நர்ஸ் முதலில் அப்படிக் கேட்டாராம். பின்னால் அழுகிற குழந்தைகளோடு பத்துப் பேர் நிற்கும்போது குடும்பக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? பெரியப்பா "ஆமா" என்று சொல்லிவிட்டார். அன்று ஆரம்பித்தது. பஸ்ஸில், கடையில், டாக்டரிடம், யார் கேட்டாலும் "ஆமா" என்பார். நானும் பேச ஆரம்பித்ததிலிருந்து "ஆமா"தான். எங்களுக்குள் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. எங்களுக்கு அது பொய் என்றே தோன்றியதில்லை.

அந்த ஒரு "ஆமா"வால் என் பயணமே கவிழப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

பள்ளி முடிந்ததும் எனக்கு வீடு சின்னதாகிவிட்டது. எழுந்தால் சுவர், உட்கார்ந்தால் சுவர். மேலே படிக்கலாம்தான், ஆனால் எதைப் படிப்பது என்று தெரியாமல் எதையோ படிக்க மனம் வரவில்லை. அப்போதுதான் கூடப் படித்தவளின் அக்கா மூலமாக அந்த விசாவைப் பற்றித் தெரிந்தது. என் வயதுக்காரர்கள் ஒரு வருஷம் வெளிநாட்டில் தங்கலாம். கிடைக்கிற வேலையைச் செய்து, வருகிற சம்பளத்தில் சாப்பிட்டு, மிச்சத்தில் ஊர் சுற்றலாம். அந்த அக்கா ஆப்பிள் தோட்டத்தில் பழம் பறித்துவிட்டு வந்திருந்தார். கையெல்லாம் கீறல், முகமெல்லாம் சிரிப்பு.

பெரியப்பாவிடம் எப்படிப் பேசுவது என்று நான் ஒரு வாரம் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அவர் ஒரு வேன் சீட்டின் பழைய கவரைக் கிழித்துக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, "போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான். நான் தயார் செய்து வைத்திருந்த பேச்செல்லாம் வீணாகப் போனது.

"பெரியப்பா, நெஜமாவா?"

"பின்ன? நாள் முழுக்க ஊர் ஊராப் போற வண்டிக்குத்தான் சீட்டு தைக்கிறேன். நான் அதுல ஏறி எங்கயும் போனதில்ல. நீயாவது போ."

அவர் சரி என்று சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. நான் அங்கே இருக்கும்போது இவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? விமான டிக்கெட்டின் விலை பழம் பறிக்கிறவளின் சம்பளத்துக்கு எட்டாது. ஓடி வர முடியாத தூரத்தில் நான் மாட்டிக்கொள்ளக் கூடாது. என் கவலை இது ஒன்றுதான். பயணக் காப்பீடு எடுத்தால்தான் விசா என்று சொன்னார்கள். ஊரில் நெருங்கிய சொந்தத்துக்கு உயிருக்கு ஆபத்து என்றால் திரும்பி வர டிக்கெட் கொடுக்கும் காப்பீடு உண்டு என்று அந்த அக்கா சொன்னார். அப்படி ஒன்று எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன்.

மருந்துக்கடைக்கு மேலே, குறுகிய படிகளில் ஏறிப் போனால் இன்சூரன்ஸ் அலுவலகம். பெரியப்பா ஏறி முடித்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. "படியச் செங்குத்தா வெச்சிருக்கான்" என்றார். செங்குத்தாகத்தான் இருந்தது, அதனால் நான் வேறெதுவும் நினைக்கவில்லை.

உள்ளே ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, இரண்டு நாற்காலி. மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஓர் அக்கா. பெரியப்பா வழக்கம்போல நாற்காலியை அமுக்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, செத்துப் போச்சே. இதுல உக்காந்து யாரு பொறுமையா கேப்பாங்க? கையெழுத்து எங்கன்னு கேட்டுப் போட்டுட்டு ஓடிடுவாங்க."

"அதுக்குத்தான் சார் மாத்தாமயே வெச்சிருக்கேன்" என்றார் அந்த அக்கா. பெரியப்பாவுக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

"பொண்ணுதான் போறாங்களா? நீங்க அப்பாவா?"

"ஆமா" என்றோம் இரண்டு பேரும் ஒன்றாக.

அக்கா எழுதிக்கொண்டார். பிறகு விளக்கினார். சுற்றிப் பார்க்க மட்டும் போகிறவர்களுக்கு ஒரு பாலிசி. விலை குறைவு, ஆனால் எனக்கு ஆகாது. "அத எடுத்துட்டுப் போயி ஏணியிலேர்ந்து விழுந்தேன்னு வெச்சுக்கோ, டூர் வந்தவளுக்கு ஏணியில என்ன வேலைன்னு கேட்டுட்டுக் கைய விரிச்சுடுவான். கையால செய்யற வேலைன்னு தனியாச் சேக்கணும்."

'ஏணி' என்றதும் பெரியப்பா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"எவ்வளவு ஒசரம் வரைக்கும் ஏறலாம்?"

"ரெண்டு ஆள் ஒசரம்னு வெச்சுக்குங்க சார்."

"அதுக்கு மேல ஏறினா?"

"ஏறக்கூடாது."

"கேட்டுக்கிட்டியா?" என்று என் பக்கம் திரும்பினார். மறுபடி அக்காவிடம், "நாய் கடிச்சா?"

"உண்டு."

"பல்லு ஒடஞ்சா?"

"விழுந்து ஒடஞ்சா உண்டு. சொத்தப் பல்லுக்குக் கெடையாது."

"இவளுக்கு ரெண்டு சொத்த இருக்கே."

அப்பா என்று சொல்லிவிட்டதால் அங்கே "பெரியப்பா, சும்மா இருங்க" என்று கத்தவும் வழியில்லை. அவர் முழங்கையைக் கிள்ளினேன். அவர் அதைக் கண்டுகொள்ளாமல், பனியில் வழுக்கினால், பாம்பு கடித்தால், தோட்டத்துக்காரன் சம்பளம் தராமல் ஏமாற்றினால் என்று போய்க்கொண்டே இருந்தார். கடைசிக் கேள்விக்கு மட்டும் அக்கா, "அதுக்கு இன்னும் எவனும் இன்சூரன்ஸ் கண்டுபிடிக்கல சார்" என்றார்.

என் முறை வந்தது. திரும்பி வரும் டிக்கெட்டைப் பற்றிக் கேட்டேன். உண்டு என்றார். அப்பா, அம்மாவுக்கு ஆபத்தான நிலை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் போகவர டிக்கெட் செலவை ஏற்றுக்கொள்வார்கள். "ஆனா ஏற்கெனவே இருக்கற வியாதின்னா கேள்வி வரும். அப்பாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லயே? சுகர், பிரஷர், நெஞ்சு வலி?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்றார் பெரியப்பா.

அக்கா அதையும் எழுதிக்கொண்டார். உடனே பணம் வாங்காமல், ஒரு சிறு புத்தகத்தைக் கொடுத்து, "எல்லாத்தயும் நிதானமாப் படிச்சுட்டு வந்து கட்டு. படிக்காமக் கட்டினவங்கதான் அப்புறம் வந்து எங்கிட்ட அழுவாங்க" என்றார். எத்தனையோ பேர் அன்றே கையெழுத்து வாங்கி அனுப்பியிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

மறுநாள் பட்டறையில், ஒரு பஸ் சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு படித்தேன். பெரியப்பா மெஷினில் இருந்தார். கேட்டுக்கொண்டே, பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே தைக்கக்கூடியவர். பேச்சு எப்படிப் போனாலும் மெஷின் நிற்காது. டிங்கர் மாமா டீ டம்ளரோடு ஷட்டர் ஓரமாக நின்றிருந்தார்.

நெருங்கிய சொந்தம் யார் யார் என்று ஒரு பக்கம் இருந்தது. சத்தமாகப் படித்தேன். அம்மா, அப்பா, கணவன், மனைவி, பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள், தாத்தா, பாட்டி, மாமனார், மாமியார். அதோடு முடிந்தது. திருப்பிப் பார்த்தேன், அடுத்த பக்கத்தில் வேறு ஏதோ. பெரியப்பாவை எங்கேயும் காணோம்.

"எனக்கு இன்னும் வராத மாமியாருக்குக் காய்ச்சல்னா டிக்கெட் குடுப்பாங்களாம். உங்களுக்குக் கெடையாதாம்" என்றேன்.

"பாவம், அந்த மாமியாருக்கு இப்பவே காய்ச்சல் வந்திருக்கும்" என்றார் டிங்கர் மாமா.

பெரியப்பா சிரித்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "அதான் அங்க அப்பான்னு எழுதியாச்சே. விடு."

"எழுதினாப் போதுமா? கேக்கும்போது நிரூபிக்கணும். பொய்யான தகவல் குடுத்தா பாலிசியே செல்லாதுன்னு போட்டிருக்கு."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. நீ வரவேண்டிய அவசியமே வராது. எதுக்கு நிரூபிக்கணும்?"

"பெரியப்பா, பாலிசியே செல்லாதுன்னா எல்லாமே செல்லாது. நான் ஏணியிலேர்ந்து விழுந்தாலும் செல்லாது."

இதைச் சொன்ன பிறகுதான் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தனக்காக இல்லை, ஏணிக்காக. "அப்படியா போட்டிருக்கு?" என்றார். "அப்ப மாத்திடு. நெஜத்தையே சொல்லிடு. என் பேர எடுத்துடு."

"உங்க பேர எடுக்கறதுக்கா இத்தனையும் படிக்கிறேன்?"

அவர் குனிந்து தைத்தார். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் என் குரல் உயரும். உயர்ந்த குரலிலேயே அடுத்த பக்கத்தைப் படித்தேன். ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்கு ஏற்கெனவே நெஞ்சு வலி இருந்தாலோ, டாக்டர் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லி அதைச் செய்யாமல் இருந்தாலோ என்று ஆரம்பித்தது அந்த வரி.

மெஷின் நின்றது.

எனக்கு அது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி சட்டென்று நின்றால் திரும்பிப் பார்ப்போமே, அப்படித் திரும்பினேன். பெரியப்பா ஊசிக்குக் கீழே இருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லித் தொலைங்க குஷன்" என்றார் டிங்கர் மாமா. "இல்லன்னா நான் சொல்லுவேன்."

"நூல் அறுந்துபோச்சு" என்றார் பெரியப்பா. நூல் அறுந்திருக்கவில்லை.

டிங்கர் மாமாதான் சொன்னார். போன மாதம் இரண்டு பேருமாக ஒரு பஸ் சீட்டைத் தூக்கி வந்திருக்கிறார்கள். பாதி வழியில் பெரியப்பா அதைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சை இறுக்கிப் பிடித்தது போல இருந்ததாம். சட்டை நனைந்துவிட்டதாம். தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறார். பெரியப்பா போகவில்லை. "வாலு கெளம்பட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றாராம்.

"ஸ்கூல் வருஷம் முடியட்டும்னு அம்மாகிட்ட சொன்னீங்களே, அந்த மாதிரியா?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ போகமாட்ட."

"போகமாட்டேன்தான். இப்பவும் போகல."

"நீ போகலன்னா நான் டெஸ்ட்டுக்கும் போகல."

"இது என்ன நியாயம்?"

"நீ சொல்றது மட்டும் என்ன நியாயம்?"

டிங்கர் மாமா டீ டம்ளரை சீட்டின்மேல் வைத்தார். "ரெண்டு பேரும் ஒரே அச்சுல அடிச்ச மாதிரி இருக்கீங்க. இதுல அப்பா இல்லன்னு வேற போயி சொல்லப்போறீங்களாம், எவன் நம்புவான்? மொதல்ல குஷன் டெஸ்ட்டுக்குப் போகட்டும். அப்புறம் வாலு ஏரோப்ளேனுக்குப் போகட்டும். யாரும் யாரையும் புடிச்சு வெக்க வேணாம். சரியா?"

நாங்கள் சரி என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேருமே அதற்குப் பிறகு பேசவும் இல்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்றுதான் அர்த்தம்.

மறுபடி அந்தப் படிகளில் ஏறினோம். இந்த முறை நான் ஒவ்வொரு படியிலும் அவரைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். "என்னயப் பாக்காத, படியப் பாரு. விழுந்து வெச்சா இதுக்கு இன்சூரன்ஸ் இல்ல" என்றார்.

உள்ளே போனதும் அந்த அக்கா சிரித்துக்கொண்டே, "என்ன, கட்டிடலாமா?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். வீட்டில் எளிதாகத்தான் இருந்தது. 'சொல்லிவிடுகிறேன்' என்று நானே சொல்லியிருந்தேன். ஆனால் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்கும்போது, என் வாயால் அதைச் சொல்ல வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. வாழ்க்கையில் ஒருநாளும் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை. பெரியப்பா நாற்காலியின் ஓரத்தில் பிரிந்திருந்த தையலை விரலால் நீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா, இவர் என் அப்பா இல்ல" என்றேன்.

அவருடைய விரல் நின்றது. நான் நிறுத்தாமல் மிச்சத்தையும் ஒரே மூச்சில் சொன்னேன். "அப்பாவோட அண்ணன். என் பெரியப்பா. அப்பா எறந்துட்டாரு. அம்மா வேற ஊர்ல இருக்காங்க. நான் நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து இவருதான் வளத்தாரு. சோறு போட்டது, தல பின்னி விட்டது, ஸ்கூல் மீட்டிங்குக்கு வந்தது எல்லாம் இவருதான். இவருக்கு ஒண்ணுன்னா நான் வரணும். உங்க புத்தகத்துல மாமியார் எல்லாம் இருக்காங்க, இவரு இல்ல. இவரு இருக்கற பாலிசி வேணும். அப்புறம், இவரு கல்லு மாதிரி எல்லாம் இல்ல. நெஞ்சு வலி வந்திருக்கு."

பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். "தூசி" என்றார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்கு ஏம்மா இப்படித் திருடி மாதிரி முழிக்கிற? நல்லவேள, இப்பவே சொன்ன. நாளைக்கு அங்கேர்ந்து போன் பண்ணிச் சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?" என்றவர் பெரியப்பாவைப் பார்த்து, "சார், தல பின்னத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"குஷனுக்குப் பின்னல் போடத் தெரிஞ்சவனுக்கு இது என்னம்மா பெரிய வேல?" என்றார் பெரியப்பா.

அது உண்மைதான். ஐந்தாம் வகுப்புவரை என் சடை லாரி சீட்டுக் கயிறு மாதிரி இறுக்கமாகத்தான் இருந்தது. எந்த விளையாட்டிலும் அவிழாது.

அக்கா அன்று வேறு வேலை பார்க்கவில்லை. ஒவ்வொரு கம்பெனியாகப் போன் செய்தார். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள், பேசியவர்கள் வேறு ஆளிடம் மாற்றினார்கள், அவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே எங்களுக்கு டீ வரவழைத்தார். "பெத்தவங்க இல்ல, வளத்தவரு. அவரச் சேப்பீங்களா மாட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க" என்று ஓர் ஆளிடம் சண்டையே போட்டார். கடைசியில் ஒரு கம்பெனி சேர்ப்போம் என்றது. என்னை வளர்த்தவர் அவர்தான் என்பதற்குப் பள்ளியிலிருந்து ஒரு சான்றிதழ் வேண்டும். அவருடைய உடல்நிலை பற்றி ஆஸ்பத்திரி டாக்டர் எழுதித் தரவேண்டும். சிகிச்சை தேவை என்றால் அது முடிந்து, நிலைமை சீராக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவர் பெயரைச் சேர்ப்பார்கள்.

பள்ளியில் சிக்கல் இல்லை. எங்கள் தலைமையாசிரியை, "உங்க பெரியப்பாதானேம்மா? என் ஆபீஸ் நாற்காலி ஏழும் அவரு தைச்சதுதான்" என்று உடனே எழுதிக் கொடுத்தார். அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. நாங்கள்தான் ஆமா, ஆமா என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

பரிசோதனையில் இதயத்துக்குப் போகும் ஒரு ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பது தெரிந்தது. சின்னதாக ஒரு கம்பிச்சுருளை உள்ளே வைத்து அடைப்பை விலக்கினார்கள். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தா..." என்று சொல்லிவிட்டு முடிக்காமல் விட்டார். நான் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். அந்தக் காப்பீட்டுப் புத்தகத்தை எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. பணம் தராமல் தப்பிக்கத்தான் அந்த வரியை எழுதியிருப்பார். ஆனாலும், எங்கேயோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து அதை எழுதிய அந்தக் கை நன்றாக இருக்கட்டும் என்று அன்று மனதார நினைத்தேன்.

அம்மா ஓடி வந்தார். அம்மாவின் கணவரும் வந்தார். அவருக்குத் தைக்கத் தெரியாது, ஆனாலும் தினமும் ஷட்டரைத் திறந்து வைத்து, வந்தவர்களிடமெல்லாம் "அண்ணன் வந்துடுவாரு, அவசரம்னா வேற எடம் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் வேறு இடம் பார்க்கவில்லை. பெரியப்பா வீடு திரும்பியதும் டிங்கர் மாமா தன் பட்டறையில் தட்டுவதைக் கொஞ்சநாள் நிறுத்திவைத்தார், சத்தத்தில் அவரால் தூங்க முடியாது என்று. பெரியப்பாவோ, "தட்டச் சொல்லு, சத்தம் இல்லாமத் தூக்கம் வரல" என்று ஆள் அனுப்பினார். ஆஸ்பத்திரிக் கட்டிலின் மெத்தையைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுதாமல் விடுவதே நல்லது.

ஆப்பிள் பருவம் முடிந்துவிட்டது. எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். எனக்கு முன்பே கிளம்பிப் போயிருந்த கூடப் படித்தவள் தோட்டத்திலிருந்து அனுப்பிய படங்களைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளங்கால் அரித்தது. ஆனால் அந்த மாதங்களில் பட்டறையில் பழைய கவர்களைப் பிரிப்பது என் வேலையாக இருந்தது. அவர் தைப்பார். அவ்வப்போது மெஷின் நிற்கும். நான் திரும்பிப் பார்ப்பேன். "நூலு. நெஜமாவே நூலு" என்பார்.

ஒருநாள் டாக்டர், எல்லாம் சீராக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். எனக்குத் திராட்சைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. மூன்றாம் முறை அந்தப் படிகளில் ஏறினோம். பெரியப்பா நிற்காமல் ஏறிவிட்டு, மேலே நின்று, "என்ன, மூச்சு வாங்குதா?" என்று என்னைக் கேட்டார். அக்கா பாலிசியில் அவர் பெயரைச் சேர்த்து, எனக்கு அவர் என்ன உறவு, என்னை வளர்த்தவர் என்பதெல்லாம் எழுதிச் சத்தமாகப் படித்துக் காட்டினார். பெரியப்பா இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

பிறகு, "திராட்சைக்கு ஏணி வேணுமா?" என்றார்.

"வேணாம் சார். தரையில நின்னே பறிக்கலாம்."

"அப்ப ஏணிக்குக் கட்டினதத் திருப்பிக் குடுக்கச் சொல்லு."

"இன்னும் கட்டவே இல்லயே சார்."

"அப்ப ஏணி இருக்கட்டும். இவள நம்ப முடியாது, எங்கயாவது ஏணியப் பாத்தா ஏறுவா."

நாங்கள் கிளம்பும்போது பெரியப்பா அந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டார். ஃபோம் மாற்றிக் கொண்டுவந்து தருகிறேன் என்றார். அக்கா எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. மாடியிலிருந்து அதை இறக்கியது மட்டும் நான்.

விசாவும் வந்தது. விமான நிலையத்துக்கு டிங்கர் மாமா தன் வண்டியில் கொண்டுபோய் விட்டார். அம்மாவும் வந்திருந்தார். வாசலில் அழுது முடித்து, பை, டிக்கெட், பாலிசி எல்லாம் இருக்கிறதா என்று மூன்று பேரும் மாறி மாறிக் கேட்டு முடித்து, நான் உள்ளே போகும் வரிசையில் நின்றேன். பெரியப்பா பெட்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தார். வாசலில் நின்ற காவலாளி கையை நீட்டித் தடுத்தார். அவருக்கு என் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும்.

"பயணிங்க மட்டும்தான் சார் உள்ள. நீங்க அப்பாவா?"

எனக்குப் பின்னால் தள்ளுவண்டிகளோடு நீண்ட வரிசை. யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

"இல்ல தம்பி" என்றார் பெரியப்பா. "பெரியப்பா. என் தம்பி பொண்ணு இது. இதுக்கு நடக்கத் தெரியாதபோது அவன் போயிட்டான். நான்தான் வளத்தேன். சந்தேகமா இருந்தா இன்சூரன்ஸ்லயே போட்டிருக்கு, காட்டட்டுமா? வாலு, அத எடு. இவ ஆப்பிள் பறிக்கப் போறதா இருந்துச்சு. நடுவுல எனக்கு நெஞ்சு வலி வந்துச்சா..."

"சார், சார்" என்றார் காவலாளி. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் நின்றவர்களில் ஓர் அம்மாள், "விடுப்பா, ஒரு எட்டு உள்ள போயிட்டு வரட்டும். இல்லன்னா கதைய முடிக்கமாட்டாரு" என்றார். காவலாளி இரண்டு பக்கமும் பார்த்தார். "சரி, அந்த நாற்காலி வரைக்கும்தான். விட்டுட்டு ஒடனே வந்துடணும்" என்று கையை எடுத்தார்.

உள்ளே வரிசையாக நாற்காலிகள். பெரியப்பா பெட்டியை நிறுத்திவிட்டு, குனிந்து, முதல் நாற்காலியைக் கட்டைவிரலால் அமுக்கினார். பள்ளம் விழுந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது மெல்ல எழுந்து வந்தது.

"உயிரு இருக்கு" என்றார். "உக்காரு. நான் வரேன்."